பதில் எந்த அறைக்கு?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்கிறாள். தேர்வு எழுதியவள் அவள்தான். மாடியறையில் கைப்பேசியோடு தம்பி. அக்காவின் தோழி ஊரில் சிக்னல் சரியில்லை. "என் நம்பரையும் பாத்துச் சொல்லுடே" என்று அவள் நேற்றே சொல்லிவிட்ட பதிவெண் அவன் கையில் இருக்கிறது. அடுக்களையில் அம்மாவின் பேசியில் சமையல் வீடியோ ஓடுகிறது. திண்ணையில் ஆச்சி, சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகனோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். பேத்தியின் மார்க்கை முதலில் அவனுக்குத்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்டளை.

மணி ஒன்பதரை. அக்காவும் தம்பியும் ஒரே நொடியில், ஒரே தளத்தில், இரண்டு வேறு பதிவெண்களை அடித்துப் பொத்தானை அழுத்துகிறார்கள். எங்கோ இருக்கும் ஒரு கணினியிலிருந்து இரண்டு மதிப்பெண் பட்டியல்கள் புறப்பட்டு வருகின்றன. அக்காவுடையது அக்காவுக்கு, தோழியுடையது தம்பிக்கு. மாறிப்போகவில்லை. ஆச்சியின் திரையில் வேதியியல் மதிப்பெண் வந்து குதிக்கவும் இல்லை.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் வருவது ஒரே ஒரு கண்ணாடி இழை. வெளியுலகம் அறிந்த முகவரியும் ஒன்றே ஒன்று. பதில் அனுப்பும் கணினிக்குக் கூடம் எது, மாடி எது என்று தெரியாது. அக்கா, தம்பி என்று இரண்டு பேர் இருப்பதே தெரியாது. பிறகு பதில் எப்படி அறை தவறாமல் வருகிறது?

இழையைப் பங்குபோடுவது எளிது

முதலில் எளிய பாதியை முடித்துவிடுவோம். இணையத்தில் எதுவும் முழுதாகப் பயணம் செய்வதில்லை. குரல், படம், மதிப்பெண் எல்லாமே சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எழுதப்பட்ட பிறகே புறப்படும். அந்தத் துண்டைப் பொட்டலம் என்கிறோம். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட், அதாவது 12,000 பிட். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அப்படி ஒன்றை அனுப்பி முடிக்க 0.12 மில்லிநொடி போதும். ஒரு நொடிக்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும்.

ஆகவே நாலு பேரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதாக நாம் நினைக்கும் இழையை, அவர்கள் மாறி மாறித்தான் பயன்படுத்துகிறார்கள். ஆச்சியின் குரலில் ஒரு துண்டு, அதன் பின்னால் ரசம் கொதிக்கும் படத்தில் நாலு துண்டு, பிறகு மறுபடி ஆச்சி. இடைவெளி காதுக்குத் தெரியாது.

சில சமயம் தெரியும். யாராவது ஊர்த் திருவிழாப் படங்கள் மொத்தத்தையும் மேலேற்றத் தொடங்கினால், வெளியே போகக் காத்திருக்கும் வரிசை நீண்டு, ஆச்சியின் குரல்துண்டு அதன் வாலில் நிற்க நேரிடும். பேச்சு திக்கும். 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் வீட்டு இணைப்பிலேயே இந்தத் திணறலைக் கவனித்துக் காரணத்தைத் துருவினார். எதையும் கீழே போட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கருவிகளுக்குள் காத்திருப்பு இடத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கியிருந்தார்கள். இடம் பெரிதானதால் வரிசையும் நீண்டது. வேகம் போதவில்லை என்று நாம் கூடுதல் பணம் கட்டும் பல வேளைகளில் உண்மையான நோய் இந்த வரிசைதான்.

429 கோடி கதவு எண்கள்

இனிக் கடினமான பாதி: முகவரி. இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும். அதை ஐ.பி. முகவரி என்கிறோம். இன்றும் பரவலாகப் புழங்கும் முறை 1981இல் எழுதி முடிக்கப்பட்டது. 1983 ஜனவரி 1 அன்று அன்றைய அமெரிக்க ஆய்வு வலையமைப்பு முழுவதும் அதற்கு மாறியது. அந்த முறையில் ஒரு முகவரியின் நீளம் 32 பிட். பூஜ்யமும் ஒன்றுமாக 32 இடங்களை நிரப்பினால் கிடைக்கும் மொத்த எண்கள் 429,49,67,296.

அன்றைய உலக மக்கள்தொகை 450 கோடியை ஒட்டி. சில நூறு கணினிகளே இணைந்திருந்த காலத்தில், ஆளுக்கொன்று வீதம் முகவரி ஒதுக்கியதுபோல அது தாராளமாகத் தெரிந்திருக்கும். இந்த 32ஐ முடிவு செய்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் பின்னாளில் பல மேடைகளில் விளக்கியிருக்கிறார்: அது ஒரு சோதனைக்காகத் தீர்மானித்த அளவு, அந்தச் சோதனைதான் முடியாமல் உலகமெங்கும் பரவிவிட்டது.

1990களின் தொடக்கத்திலேயே எண்கள் தீர்ந்துபோகும் என்று பொறியாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. புதிய, நீளமான முகவரி முறை ஒன்றை உருவாக்கும் வேலை தொடங்கியது. அது வந்து சேரும்வரை காலம் தள்ள வேண்டுமே! 1994 மே மாதம் கியெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஓர் ஆவணத்தை வெளியிட்டார்கள். ஒரு நிறுவனத்துக்குள் இருக்கும் கணினிகள் தமக்குள் எந்த எண்ணை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், வாசலைத் தாண்டும்போது மட்டும் உலகறிந்த எண்ணாக மாற்றிக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். முகவரி மாற்றம் என்று இதை அழைப்போம். குறுகிய காலத் தீர்வு என்றுதான் அவர்களே எழுதினார்கள். முப்பது ஆண்டுகள் கடந்தும் நம் வீடுகள் அந்தக் குறுகிய காலத்துக்குள்தான் இருக்கின்றன.

வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே சில எண் தொகுதிகள் 1994இல் ஒதுக்கி வைக்கப்பட்டன. உங்கள் கைப்பேசியின் வைஃபை விவரத்தைத் திறந்து பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண் இருக்கக்கூடும். பக்கத்து வீட்டுப் பேசியிலும் அதே எண் இருக்கலாம். டோக்கியோவில் ஒரு வீட்டிலும் இருக்கலாம். 'மாடியறை' என்ற சொல்லைப் போன்றது அது. எல்லா ஊரிலும் ஆயிரம் மாடியறைகள் உண்டு. வீட்டுக்குள் சொன்னால் போதும், புரியும். தபால் உறையில் அதை மட்டும் எழுதினால் கடிதம் எங்கும் போகாது.

அந்தச் சொல்லை அழித்து வீட்டின் முழு முகவரியை எழுதி அனுப்பும் வேலை ரவுட்டருடையது. கூடத்து மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிதான். அனுப்புவது சரி, பதில் வரும்போது மாடியறையை எப்படி நினைவில் கொண்டுவரும்?

காலணி டோக்கன்

பெரிய கோயில்களின் வாசலில் காலணி பாதுகாக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நம் செருப்பை வாங்கிக்கொள்பவர் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. ஓர் எண்ணுள்ள டோக்கனை நீட்டுகிறார். அதே எண்ணுள்ள அறையில் செருப்பை வைக்கிறார். நாம் உள்ளே போய், பிராகாரம் சுற்றி, திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் செருப்பு கைக்கு வருகிறது. ஆயிரம் பேர் ஒரே நிறச் செருப்போடு வந்தாலும் குழப்பம் இல்லை. எண்ணுக்கும் அறைக்குமான தொடர்பை அவர் பாதுகாக்கிறார், அவ்வளவுதான்.

பொட்டலங்களின் மேல் முகவரியோடு இன்னொரு எண்ணும் எப்போதும் இருக்கும். அதை போர்ட் என்பார்கள். நாம் வாசல் எண் என்போம். முகவரி வீட்டைக் காட்டினால் இது வாசலைக் காட்டும். முகவரி மாற்றம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இது இருந்தது. ஒரே கணினியில் ஓடும் பல செயலிகளில் எந்தச் செயலிக்கு வந்த பொட்டலம் என்று பிரித்தறிய அதை வைத்திருந்தார்கள். 16 பிட் நீளம், ஆகவே 65,536 வாசல்கள். பூட்டுக்குறி போட்ட இணையதளங்களுக்குப் போகும் பொட்டலங்கள் வழக்கமாக 443ஆம் வாசலைத் தட்டும். அனுப்பும் பக்கத்து வாசலுக்கு அப்படி நிலையான எண் கிடையாது. கருவி தனக்குத் தோன்றிய ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். இந்த எண்தான் ரவுட்டருக்கு டோக்கனாகிறது.

ரவுட்டரின் பேரேடு

இப்போது ஒன்பதரை மணிக்குத் திரும்புவோம், மெதுவாக. வீட்டுக்கு வெளியுலகம் அறிந்த முகவரி 203.0.113.25 என்றும், தேர்வு முடிவுக் கணினியின் முகவரி 198.51.100.7 என்றும் வைத்துக்கொள்வோம். (பாடநூல் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் இவை. யாருடைய வீட்டுக்கும் உரியவை அல்ல.) அக்காவின் மடிக்கணினி 192.168.1.2. தம்பியின் பேசி 192.168.1.3.

அக்காவின் பொட்டலம் 51000 என்ற வாசலைத் தேர்ந்துகொண்டு கிளம்புகிறது. ரவுட்டர் அதை நிறுத்தி, அனுப்புநர் இடத்தில் இருக்கும் 192.168.1.2ஐ அழித்துவிட்டு 203.0.113.25 என்று எழுதுகிறது. வாசல் எண் 51000 அப்படியே இருக்கட்டும், அந்த இடம் காலிதான். பிறகு தன் பேரேட்டில் ஒரு வரி: வெளியே 51000 என்றால் உள்ளே 192.168.1.2, வாசல் 51000.

அடுத்த கணம் தம்பியின் பொட்டலம் வருகிறது. தற்செயலாக அவன் பேசியும் 51000ஐத்தான் எடுத்திருக்கிறது. போகுமிடமும் அதே கணினி. இதை அப்படியே அனுப்பினால் வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அக்காவின் மார்க் மாடிக்கும் போகலாம், தோழியின் மார்க் கூடத்துக்கும் வரலாம். ரவுட்டர் பேரேட்டைப் புரட்டுகிறது. 51000 கொடுத்தாயிற்று. ஆகவே தம்பியின் பொட்டலத்தில் முகவரியோடு வாசல் எண்ணையும் மாற்றி, 62417 என்று எழுதுகிறது. பேரேட்டில் இரண்டாவது வரி: வெளியே 62417 என்றால் உள்ளே 192.168.1.3, வாசல் 51000.

இன்னொரு சிறு வேலையும் உண்டு. வழியில் எழுத்து சிதைந்ததா என்று பார்க்க ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சரிபார்ப்புத் தொகை இருக்கும். அந்தக் கூட்டலில் முகவரியும் அடக்கம். முகவரியை மாற்றினால் தொகை பொருந்தாது. ரவுட்டர் தொகையையும் திருத்தி எழுதித்தான் அனுப்ப வேண்டும். நொடிக்கு ஆயிரக்கணக்கான பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் இந்த அழிப்பும் எழுத்தும் கூட்டலும்! ஒரு சாப்பாட்டுத் தட்டளவு கூட இல்லாத பெட்டி இதைச் செய்துகொண்டே இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

தேர்வு முடிவுக் கணினி இரண்டு பதில்களையும் 203.0.113.25க்கே அனுப்புகிறது. ஒன்று 51000ஆம் வாசலுக்கு, மற்றது 62417ஆம் வாசலுக்கு. ரவுட்டர் பேரேட்டைப் பார்த்து, பெறுநர் முகவரியை அழித்து, உள்முகவரியை எழுதி, அந்தந்த அறைக்கு அனுப்பிவிடுகிறது. உறைக்குள் இருக்கும் மதிப்பெண்களை அது பார்க்கவில்லை. அவை பூட்டி முத்திரையிட்டு வருகின்றன. உறையின் மேல் எழுதியதைப் படிப்பது மட்டுமே அதன் தொழில். மடிக்கணினிக்கும் பேசிக்கும் நடுவில் நடந்த எதுவும் தெரியாது. தாமே நேராக உலகத்தோடு பேசியதாகவே அவை இருக்கும்.

பேரேட்டு வரிகள் நிரந்தரமல்ல. பேச்சு முடிந்தால் அழியும். சத்தமே இல்லாமல் சில நிமிடங்கள் கிடந்தாலும் சில வகை வரிகள் அழியும். இல்லாவிட்டால் பேரேடு நிரம்பிவிடும்.

கேட்டவருக்கே பதில்

இந்த முறையிலிருந்து ஒரு பெரிய விளைவு பிறக்கிறது. உள்ளேயிருந்து யாராவது முதலில் பேசினால்தான் பேரேட்டில் வரி விழும். வெளியேயிருந்து தானாக ஒரு பொட்டலம் வந்தால்? எந்த வரியோடும் பொருந்தாது. ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிடும்.

தொலைபேசி அரிதாக இருந்த நாட்களில் கல்யாணப் பத்திரிகைகளில் 'பி.பி.' என்று குறித்து ஓர் எண் அச்சடிப்போம். தெருவில் போன் வைத்திருக்கும் வீட்டின் எண் அது. கூப்பிடுபவர் "எதிர்த்த வீட்டுச் செல்லம்மாளைக் கூப்பிடுங்க" என்பார். யாராவது ஓடி வந்து தகவல் சொல்வார்கள். அங்கே ஒரே எண்ணைத் தெருவே பகிர்ந்துகொண்டது, வெளியிலிருந்து வரும் அழைப்பும் ஆளைத் தேடி வந்தது. கூப்பிடுபவர் பெயர் சொன்னார், எடுத்தவருக்கு ஆளைத் தெரிந்திருந்தது, இரண்டும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. நம் ரவுட்டருக்கு அந்த அறிமுகம் இல்லை. 8000ஆம் வாசலுக்கு வருவதையெல்லாம் வாசற்கேமராவுக்கு அனுப்பு என்று நாமே அமைப்பில் எழுதி வைத்தால் அனுப்பும். எழுதாதவரை எவருக்கும் அனுமதி இல்லை.

இதில் நன்மை உண்டு. வலையில் திரியும் தானியங்கி நிரல்கள் வரிசையாக முகவரிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றிலிருந்து வீட்டுக் கணினிகளை இந்தப் பேரேடு மறைத்துவிடுகிறது. ஆனால் இழப்பும் பெரிது. இணையம் என்பது எந்தக் கணினியும் எந்தக் கணினியோடும் பேசக்கூடிய ஏற்பாடாகத்தான் தொடங்கியது. முகவரி மாற்றம் வந்தபின் வீட்டுக் கணினிகள் கேட்க மட்டுமே முடிந்தவை ஆயின. தன் வீட்டுக் கணினியில் தானே ஒரு தளத்தை நடத்துவது சாதாரண மனிதருக்கு வித்தையாகிப் போனது. நம் படங்களையும் எழுத்தையும் யாரோ ஒரு பெருநிறுவனத்தின் கணினியில் கொண்டுபோய் வைக்கும் வழக்கம் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஆச்சியின் அழைப்பு நுழைந்த வழி

அப்படியானால் சிங்கப்பூர் மகனின் அழைப்பு எப்படி உள்ளே வந்தது? ஆச்சியின் பேசி, காலையில் வைஃபையில் சேர்ந்தவுடனே அழைப்புச் செயலியின் கணினியோடு ஒரு தொடர்பைத் திறந்து வைத்துவிட்டது. பேரேட்டில் வரி விழுந்தாயிற்று. வரி அழிந்துவிடாமலிருக்க அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று ஒரு சிறு பொட்டலத்தையும் அனுப்பிக்கொண்டிருக்கும். நாம் தொடாமல் வைத்திருக்கும் பேசியின் மின்கலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதில் இதற்கும் பங்குண்டு. அழைப்பு மணி அந்தத் திறந்த வழியாகத்தான் வந்தது.

பேச்சு தொடங்கியபின் நடப்பது இன்னும் அழகு. ஆச்சியும் ஒரு ரவுட்டருக்குப் பின்னால், மகனும் ஒரு ரவுட்டருக்குப் பின்னால். இருவரும் கேட்க மட்டுமே முடிந்தவர்கள். நடுவில் இருக்கும் கணினி இருவருக்கும் மற்றவரின் வெளிமுகவரியையும் வாசல் எண்ணையும் சொல்கிறது. உடனே இரண்டு பேசிகளும் ஒன்றையொன்று நோக்கிப் பொட்டலம் எறிகின்றன. முதலில் போய்ச் சேர்வது மறுபக்கத்துப் பேரேட்டில் பொருந்தும் வரி இல்லாமல் வீணாகலாம். பரவாயில்லை. அது புறப்படும்போதே தன் வீட்டுப் பேரேட்டில் ஒரு வரியை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. எதிரிலிருந்து வரும் அடுத்த பொட்டலம், அந்த வரிக்கான பதில் என்று ரவுட்டர் நம்பி உள்ளே விடுகிறது. இரண்டு பக்கமும் கதவு உள்ளேயிருந்தே திறந்தது. பொறியாளர்கள் இதைத் துளையிடுதல் என்கிறார்கள். சில ரவுட்டர்கள் ஒவ்வொரு எதிராளிக்கும் புதுப்புது வாசல் எண் கொடுப்பவை. அங்கே இது பலிக்காது. அப்போது நடுக்கணினியே இருவருக்கும் இடையில் நின்று குரலைக் கைமாற்றிக் கொடுக்கும்.

தெருவுக்கே ஒரு முகவரி

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் மிஞ்சியிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் ஐந்து கண்டப் பகிர்வு அமைப்புகளுக்குக் கொடுக்கப்பட்டன. பொதுக் கையிருப்பு அதோடு காலி. வீட்டுக்கு ஒன்று கொடுக்கவும் இனி எண் இல்லை என்ற நிலைக்கு வந்த இணைப்பு நிறுவனங்கள், பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தின. வீட்டில் ஒரு பேரேடு, நிறுவனத்தில் இன்னொரு பேரேடு. இதற்கென 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012இல் ஒதுக்கப்பட்டன. ஏறத்தாழ 42 லட்சம். உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுகவரி என்ற இடத்தில் அப்படி ஓர் எண் இருந்தால், நீங்களும் அந்தப் பெரிய பேரேட்டில் ஒரு வரிதான். வாசற்கேமராவுக்கு வழி எழுதி வைத்தும் வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லையா? பெரும்பாலும் காரணம் இதுதான். உங்கள் வீட்டுப் பேரேட்டில் வழி இருக்கிறது, நிறுவனத்தின் பேரேட்டில் இல்லை.

நீளமான புதிய முறையும் வந்துவிட்டது. 128 பிட் நீளமுள்ள ஐ.பி.வி6 முகவரிகள். அதில் ஒரு வீட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் தொகுதி ஒன்றே, பழைய முறையின் மொத்த எண்களை அதே எண்ணால் பெருக்கினால் வரும் அளவாவது இருக்கும். ஆச்சியின் பேசிக்கும் உலகறிந்த சொந்த முகவரி கிடைக்கும். இந்த முறையை அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2016 முதல் வேகமாகப் பரவிய 4ஜி அலைபேசிச் சேவைகள் அதற்குப் பெரிய உந்துதல் தந்தன. பழைய முறையில் மட்டும் பேசும் தளங்கள் இன்னும் ஏராளம் என்பதால் இரண்டும் இணையாகவே ஓடுகின்றன.

புதிய முறையில் முகவரியை மாற்றத் தேவையில்லை. ஆனாலும் ரவுட்டர்கள் பேரேட்டைக் கைவிடவில்லை. யார் முதலில் பேசினார்கள் என்று குறித்து வைத்து, அழைக்காமல் வருபவற்றைத் தடுக்கும் காவல் வேலைக்கு அது இன்னும் வேண்டியிருக்கிறது.

அந்தப் பேரேடு ரவுட்டரின் தற்காலிக நினைவில்தான் இருக்கிறது. அன்று காலை, அக்கா மதிப்பெண்ணைப் படித்து முடிப்பதற்குள் மின்சாரம் போனது. மடிக்கணினியிலும் பேசிகளிலும் மின்கலம் இருந்தது, ரவுட்டரில் இல்லை. ஆச்சியின் திரையில் மகனின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றது. பத்து நிமிடம் கழித்து மின்சாரம் வந்து, பச்சை விளக்கு மறுபடி எரிந்தபோது பேரேடு வெற்றுத்தாள். காலையில் எழுதிய ஒரு வரியும் அதில் இல்லை. 51000, 62417 எல்லாம் போயிற்று. சிங்கப்பூரிலிருந்து மகன் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாலும் அந்த வீட்டுக்குள் எதுவும் நுழைய முடியாது. பிறகு ஆச்சியின் பேசி தானாகவே வைஃபையைப் பிடித்து, 'இருக்கிறேன்' என்று வெளியே ஒரு பொட்டலத்தை அனுப்பியது. முதல் வரி விழுந்தது. அடுத்த கணம் திண்ணையில் மணி அடித்தது.